ரோஸ்லின் பாடின அறுபத்தோரு பாட்டு

என் வீட்டுக்குள்ளயே, நான் பார்த்துக்கிட்டிருக்கும்போதே, என் பொண்டாட்டி குரலை எடுத்துட்டுப் போயிட்டாங்க. போலீஸ்ல சொல்லுங்கன்னு நீங்க சொல்வீங்க. என்னன்னு போய் சொல்றது? பூட்டு உடையலை, பீரோ திறக்கலை, ஒரு பொருள் குறையலை. ஹார்டு டிஸ்க்குல அறுபத்தோரு ஃபைல் இருந்துச்சு, இப்பவும் அறுபத்தோரு ஃபைல் இருக்கு. கதவைத் திறந்து விட்டது யாருன்னு கேட்டா, அதுவும் நான்தான்.

என் பேர் தெய்வசிகாமணி. சாலிகிராமத்துல பாட்டு எடுக்கிற ஸ்டூடியோவுல முப்பது வருஷம் சவுண்டு இன்ஜினியர். வயசு அறுபத்தெட்டு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கோவம் அதை விட ஜாஸ்தி. என் கூட வேலை பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. என் மனைவி ரோஸ்லின். சினிமாவுக்கு டிராக் பாடினவ.

டிராக்னா என்னன்னு வெளியில நிறைய பேருக்குத் தெரியாது. பெரிய பாடகி வர்றதுக்கு முன்னாடி, மெட்டு அவங்களுக்குப் புரியணுமேன்னு, வேற ஒருத்தியை வச்சு முழுப் பாட்டையும் பாட வச்சு எடுத்துடுவோம். பெரிய பாடகி வந்து ஹெட்போன்ல அதைக் கேட்டுக் கேட்டு வரிவரியா அதே மாதிரி பாடுவாங்க. அவங்க குரல் ஏறினதும் டிராக் குரலை அழிச்சிடணும். ரோஸு முக்கால்வாசி பாடினது பத்மலோசனி அம்மாவுக்கு. ரோஸு எங்க மூச்சு விட்டாளோ அங்கதான் அந்தம்மாவும் மூச்சு விடுவாங்க. எங்க லேசா சறுக்கி இறங்கினாளோ அங்கயேதான் அவங்களும் இறங்குவாங்க. அந்தச் சறுக்கலைப் பத்தி ஒரு பத்திரிகைக்காரன் உருகி உருகி ரெண்டு பக்கம் எழுதினான், பத்மலோசனிக்கு மட்டுமே கைவந்த அழகுன்னு. ரோஸு அதைப் படிச்சிட்டு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா.

அழிக்கச் சொன்னதை நான் அழிக்கலை. எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல, அவ குரல் இருக்கற பாட்டை வாத்தியத்தோட அப்படியே என் டிஸ்க்குல ஏத்திக்குவேன். அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகலை. அவ என்னை 'சார்'னு கூப்பிடுவா. கல்யாணத்துக்கு அப்புறமும் அதையே பிடிச்சுக்கிட்டா. "ரசத்துக்கு உப்பு பாருங்க சார்"னு அவ சொன்னா எங்க அம்மா தலையில அடிச்சுக்கும்.

அந்த ஃபைலுக்கெல்லாம் பேர் 'பத்மலோசனி'ன்னுதான் இருந்துச்சு. ஸ்டூடியோ வழக்கம் அப்படி. யார் பாடப் போறாங்களோ அவங்க பேர், பாட்டோட முதல் வரி, தேதி. டிராக் பாடுறவ பேருக்கு அங்க இடமே கிடையாது. ஃபைல் பேரை மாத்தக் கூடாதுங்கறது எங்களுக்கு ரத்தத்துல ஊறினது. மாத்தினா அப்புறம் எது எந்தப் பாட்டுன்னு தேடித் தேடிச் சாகணும். அதனால அப்படியே எடுத்துட்டு வந்து அப்படியே வச்சிருந்தேன்.

போன வருஷம் ரோஸுக்குத் தொண்டை கரகரன்னு ஆச்சு. சளின்னு நினைச்சோம். அப்புறம் ஸ்கேன், சதைப் பரிசோதனை, ஒவ்வொரு டாக்டரா போய், கடைசியில குரல்வளையையே எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. ஆட்டோவுல திரும்பி வரும்போது வடபழனி சிக்னல்ல நிக்கிறோம், அவ அந்தக் கரகர குரல்ல கேட்டா.

"சார், அந்த அறுபத்தோரு பாட்டு பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வரும்போது அது ஓடிக்கிட்டிருக்கணும். பேச முடியாட்டிப் போகுது. என் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துடக் கூடாது."

"அதெப்படி மறக்கும்? பைத்தியம் மாதிரி பேசாதே."

"மறந்துடும் சார். இப்பவே கொஞ்சம் மறந்துடுச்சு. இந்தக் கரகரப்புதான் ஞாபகத்துல நிக்குது" அப்படின்னா. நான் வெளியில பார்த்துக்கிட்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியா என்னைப் பார்த்துட்டு ரேடியோவை அணைச்சார்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை எடுத்து டிவியில மாட்டினா, 'சீரொலிச் சோதனைக்கு அனுமதிக்கவும்'னு ஒரு பெட்டி வந்து நிக்குது. ஆமான்னு அமுக்கினாத்தான் பாடுமாம். போன்ல மாட்டினாலும் அதே. கருமம்னு பிடுங்கிட்டு மறுநாள் காலையில ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அங்க மஸ்தான் கடை இருக்கு. நாப்பது வருஷமா எனக்கு ஒயரு, கனெக்டர் எல்லாம் கொடுத்தவன். பழைய சாமான் எதுவானாலும் அவன் கிட்டதான்.

நான் சொன்னதைக் கேட்டதும் அவன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டான். "ஆமான்னு அமுக்கிட்டியா?"

"இல்லப்பா."

"பொழச்ச. சீரொலி என்ன பண்ணும்னு தெரியும்ல? வீட்டுல எந்தப் பாட்டு ஓடினாலும், சீரொலி ஆபீஸ்ல பதிவு பண்ணின மூலப் பாட்டோட ஒப்பிட்டுப் பார்க்கும். கொஞ்சம் மாறியிருந்தாலும், இது கெட்டுப் போன காப்பின்னு முடிவு பண்ணி, மூலத்தை எடுத்து அது மேலயே எழுதிடும்."

"திருட்டு காப்பியைப் பிடிக்கத்தானேய்யா சட்டம் போட்டாங்க?"

"அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஜனங்களுக்கே பிடிச்சுப் போச்சு. பழைய கேசட்டெல்லாம் இரைச்சல் இல்லாம கண்ணாடி மாதிரி வருதுல்ல? யாரு குறை சொல்லப் போறா? எட்டு வருஷம் ஆச்சு சிகாமணி, இப்ப டிவி, போன், ஸ்பீக்கர், டிஸ்க்கு, சீரொலி இல்லாம ஒரு சாமான் கடைக்கு வர்றதில்லை."

"ரோஸு பாடினது கெட்டுப் போன காப்பியா? அவ பாடினதைக் கேட்டுத்தான்யா அந்தம்மாவே பாடினாங்க! இது முதல்ல, அது அப்புறம்!"

"என் கிட்ட ஏன் கத்தறே? நானா சட்டம் போட்டேன்? எது பதிவாச்சோ அதுதான் அதுக்கு மூலம். டிராக்கை எவன் பதிவு பண்ணினான்?"

அவன் உள்ள போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்தான். சீட்டுக்கட்டு அளவுல ஒரு கம்ப்யூட்டர் போர்டு. இருபது வருஷத்துக்கு முந்தினது. பசங்க படிக்கிறதுக்காக வந்துச்சாம் அந்தக் காலத்துல. கூடவே அதுக்கு மேல உட்கார்ற மாதிரி ஒரு சின்ன ஆடியோ கார்டு, ஒரு மெமரி கார்டு, ஒரு பழைய ரவுட்டர்.

"இதுல சீரொலி கிடையாது. இந்தப் பொட்டி, உன் பழைய போன், உன் பழைய ஸ்பீக்கர், மூணும் இந்த ரவுட்டர்ல மட்டும் இருக்கட்டும். அது ஒரு தனி ஊருன்னு வச்சுக்க. அந்த ஊருக்கு வெளியில இருந்து ரோடு போட்டுடாதே. புரியுதா? வீட்டு லைனோட சேர்த்துடாதே."

"டிஸ்க்கை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டா நல்லதில்ல?"

"எதுல எடுப்ப? புது டிஸ்க்குல ஏத்தினா ஏத்தும்போதே மாத்திடும். பழைய டிஸ்க்கு ஒண்ணு கைக்கு வந்தா சொல்றேன், அதுவரைக்கும் பொறு. அவசரம்னா இதையே மாட்டு, ஆனா படிக்க மட்டும்னு பூட்டி வை. ஒரு எழுத்து கூட அது மேல ஏறக் கூடாது."

மூணு நாள் காலையில உட்கார்ந்து செஞ்சேன். போர்டை வைக்க ரோஸோட அலுமினிய டிபன் பாக்ஸை எடுத்து ஓட்டை போட்டேன். அவ ஸ்டூடியோவுக்குக் கொண்டு வர்ற டப்பா. "கேட்டுட்டு எடுக்கறதில்லையா சார்?"னு கத்தினா, கத்த முடியலை, இருமல் வந்துச்சு. போன் சார்ஜர்ல கரண்டு கொடுத்தா ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். எனக்கு அது ஆகாது. தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கட்டி, ஒயரை மாத்தி மாத்திப் போட்டு, மூணாம் நாள் இரைச்சல் போச்சு. மெமரி கார்டுல பாட்டுப் போடுற மென்பொருள் இருந்துச்சு. போன்ல ஒரு பாட்டைத் தொட்டா ஹால்ல பாடும், அடுப்பங்கரையில பாடும். அந்த மூணு நாளும் நான் சந்தோஷமா இருந்தேன்னு சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு. அவளுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, நான் என்னடான்னா விசில் அடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டிருக்கேன்.

ஆபரேஷன் முடிஞ்சு பதினஞ்சாம் நாள் கூட்டிட்டு வந்தேன். காலை பதினோரு மணி. கதவைத் திறக்கும்போதே பாட்டு ஓடுது. செருப்பைக் கூட கழட்டாம வாசப்படியிலேயே நின்னுட்டா. இருபத்தி நாலு வயசு ரோஸ்லின் பாடுறா, அறுபத்திமூணு வயசு ரோஸ்லின் கழுத்துல கட்டோட நின்னு கேக்கறா. அழுதா கழுத்து ஓட்டையில சளி அடைக்கும், அழ விடாதீங்கன்னு நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாங்க. அவ அழலை. நான்தான் அழுதேன்.

அதுக்கப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. அறுபத்தோரு பாட்டுல ஒண்ணு வரும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு தாங்காது. அந்தப் பாட்டை எடுத்த அன்னிக்கு வரி எழுதறவர் வரலை. மெட்டுக்கு ஏதாவது வார்த்தை போட்டுப் பாடுமான்னு இசையமைப்பாளர் சொல்ல, பசியில இருந்த ரோஸு, "இட்லி ஆறுது, சட்னி ஊறுது, எங்கே போனாயோ"ன்னு அப்படி ஒரு சோகத்தோட பாடினா. வயலின்காரங்க சிரிச்சு வில்லைக் கீழ போட்டுட்டாங்க. அப்புறம் வந்த வரி "வானம் கூடுது, மேகம் ஆடுது, எங்கே போனாயோ." ஊரெல்லாம் கேட்டது அதைத்தான். இட்லிப் பாட்டு எங்க வீட்டுல மட்டும்தான் இருந்துச்சு.

போன்ல பிடிச்ச பாட்டுக்கெல்லாம் அவ இதயக்குறி போட ஆசைப்பட்டா. டிஸ்க்கு பூட்டியிருந்ததால குறி நிக்கலை, ஒவ்வொரு தடவையும் மறைஞ்சு போச்சு. குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினா. சரி, இதுக்குக் கூட நான் ஆகலைன்னா நான் எதுக்குன்னு பூட்டை எடுத்து விட்டேன். வெளி லைன்தான் இல்லையே, என்ன ஆயிடப் போகுதுன்னு ஒரு தைரியம்.

நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா. உள் ரூம் வரைக்கும் ஹால் ஸ்பீக்கர் சரியாக் கேக்கலை. தலையணைக்கு அடியில வைக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தேன். புது சாமான்தான், தெரியும். அது சும்மா சத்தத்தை வாங்கி வெளியில விடப் போகுது, அதுக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். ஆனா அந்தச் சனியன், முதல் தடவை ஒரே ஒரு முறை நெட்டுல சேர்த்துப் பதிவு பண்ணினாத்தான் பேசுவேன்னு அடம் பிடிச்சுது. பத்து நிமிஷம்தான்னு போட்டிருந்துச்சு.

பழைய ரவுட்டரை வீட்டு லைனோட ஒரு ஒயர்ல இணைச்சேன். இணைக்கறதுக்கு முன்னாடி ஜாக்கிரதையா ஒரு காரியம் பண்ணினேன். பாட்டை நிறுத்தினேன். அவ்வளவுதான் பண்ணினேன். எங்க தொழில்ல டேப் ஓடலைன்னா எதுவும் ஏறாது, எதுவும் அழியாது. முப்பது வருஷம் அந்த நம்பிக்கையில பொழச்சவன். டிஸ்க்கைப் பிடுங்கி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. பத்து நிமிஷம் கழிச்சு ஒயரை எடுத்துட்டேன். ஸ்பீக்கர் 'டிங்'னு ஒரு சத்தம் போட்டுச்சு. பாட்டை ஓட விட்டேன், பாடுச்சு.

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் காலையில அவளுக்குக் கஞ்சி கொடுத்துட்டு, கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். முதல் நாளே சொன்னேன், "பார்த்தியா ரோஸு, இந்தச் சின்ன ஸ்பீக்கர்ல எவ்வளவு தெளிவா இருக்கு உன் குரல்!" அவ என்னைப் பார்த்தா. அப்புறம் தலையாட்டினா.

பன்னிரண்டாம் நாள் நான் அடுப்பங்கரையில தோசை ஊத்திக்கிட்டிருக்கேன். ஹால் ஸ்பீக்கர்ல அந்த மெட்டு வருது. இட்லி வரப்போகுதுன்னு சிரிக்கத் தயாரா நிக்கறேன்.

"வானம் கூடுது, மேகம் ஆடுது..."

தோசை கருகி வீடெல்லாம் புகை. நான் ஓடிப் போய் போனை எடுத்து, அறுபத்தோரு பாட்டையும் ஒண்ணு ஒண்ணா தொட்டுப் பார்த்தேன். எல்லாம் படத்துல வந்த பாட்டு. டிராக்ல சில இடத்துல ரோஸு இருமியிருப்பா, ஒரு இடத்துல "சாரி சார், இன்னொரு தடவை"ன்னு சொல்லியிருப்பா. ஒண்ணும் இல்லை. சுத்தமா, கண்ணாடி மாதிரி, பத்மலோசனி. ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்துலயும் பச்சையில ஒரு சின்ன டிக். பன்னிரண்டு நாளா அந்த டிக் அங்கதான் இருந்திருக்கு. நான் அதை அவ போட்ட குறின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

மஸ்தானுக்குப் போன் போட்டேன். அவன் திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. "புது ஸ்பீக்கர்ல இருந்த சீரொலி ரவுட்டர் வழியா டிஸ்க்குக்குள்ளயே போயிருக்கு. உன் ஃபைல்ல பேரு வேற அப்படியே பத்மலோசனின்னு இருந்துச்சுல்ல? அதுக்கு வேலை ரொம்ப சுலபம்யா. தேட வேண்டியதே இல்லை. பேரு இல்லாம இருந்திருந்தா ஒப்பிட்டுப் பார்க்க நாள் பிடிச்சிருக்கும், பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்காது." அப்புறம் அவனே, "சீரொலி ஆபீஸுக்குப் போய்ப் பாரு. பழசை அவங்க கொஞ்ச நாள் வச்சிருப்பாங்கன்னு கேள்வி"ன்னான்.

உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. ரோஸு கிட்ட பேங்குக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுக் கிளம்பினேன்.

ஆபீஸ்ல அனுசுயான்னு ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், மரியாதையாத்தான் பேசினாங்க. என் டிஸ்க்கு நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு, "உங்க ஃபைல் எதுவும் அழியலை சார். சீராகியிருக்கு"ன்னாங்க.

"என்னம்மா சீராச்சு? என் பொண்டாட்டி குரல் போச்சு!"

"கத்தாதீங்க சார், கேளுங்க. பழைய வடிவம் தொண்ணூறு நாள் எங்க கிட்ட இருக்கும். திருப்பித் தரலாம். ஆனா அது வேற ஆள் குரல்னு நிரூபிக்கணும். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இந்த மைக்ல நாலு வரி பாடினா போதும். மெஷின் ஒத்துக்கிட்டா இன்னிக்கே கொடுத்துடலாம்."

"அவளுக்குக் குரல்வளை இல்லம்மா. எடுத்துட்டாங்க."

அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. "வேற பதிவு ஏதாவது இருக்கா சார்? பேசினது?"

போன வருஷம் அவ டாக்டர் கிட்ட பேசினதை நான் போன்ல எடுத்து வச்சிருந்தேன். அதைக் கொடுத்தேன். மெஷின் ரெண்டு நொடியில 'பொருந்தவில்லை'ன்னு சொல்லிடுச்சு. கட்டி வந்த தொண்டை எங்க, அந்தக் காலத்துக் குரல் எங்க, எப்படிப் பொருந்தும்?

"அதுக்கு முந்தினது? உங்களுக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ்?"

"என் கூடவே இருந்தாம்மா. முப்பத்தஞ்சு வருஷம் என் கூடவே இருந்தா. எனக்கு எதுக்கு மெசேஜ் அனுப்பணும்?"

"பிள்ளைங்க யாருக்காவது?"

"பிள்ளைங்க இல்லை."

"சர்ச்சுல பாடினது?"

"கூட்டத்தோட பாடினது. தனியா ஒண்ணும் கிடையாது. நீங்க ஒரு தடவை காதுல கேளுங்கம்மா! அந்தப் பழைய ஃபைலையும் இதையும் போட்டு, ஒரே ஒரு தடவை கேளுங்க! இட்லி ஆறுது, சட்னி ஊறுதுன்னு பாடியிருப்பா. எந்தப் படத்துல அப்படி ஒரு பாட்டு வந்துச்சு?"

"நான் கேக்க எனக்கு அதிகாரம் இல்லை சார். ஃபைல் மேல பேரே பத்மலோசனின்னு இருக்கு. அது உங்க கையால வச்ச பேர்தானே? வார்த்தை மாறியிருந்தா ஒத்திகைன்னு எடுத்துக்கும்." அப்புறம் திரையைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க. "மாறி எத்தனை நாள் ஆச்சு சார்?"

"பன்னிரண்டு."

"ஏழு நாளைக்குள்ள சொல்லியிருந்தா மனுஷங்க உட்கார்ந்து கேக்கற விசாரணைக்கு அனுப்பியிருப்பேன். சொந்தக் குரலா இருந்தா ஒரு நாள்லயே வித்தியாசம் தெரிஞ்சிடும்னுதான் அந்த ஏழு நாள் கணக்கே வச்சாங்க." சொல்லிட்டு, சொன்னது தப்போன்னு நினைச்சாங்க போல. குரலை இறக்கி, "எங்க வீட்டுக் கல்யாண வீடியோவுல எங்க அத்தை ஒரு நலங்குப் பாட்டு பாடினாங்க சார். இப்ப அதுல யாரோ பாடுறாங்க. அத்தை வாய் மட்டும் அசையுது. முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. பழகிடுச்சு"ன்னாங்க.

வெளியில வந்து பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தேன். மூணு பஸ் போச்சு. எனக்கு நாலு வருஷமா காது மந்தம்னு டாக்டர் சொல்லிக்கிட்டேதான் இருக்கார். மேல் சுருதி எல்லாம் எனக்கு எட்டறதில்லை. மெஷின் மாட்டிக்குங்கன்னார். சவுண்டு இன்ஜினியர் காதுல மெஷினா, போய்யான்னு வந்துட்டேன். அந்தத் திமிரை நினைச்சு நினைச்சு என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு குரலுக்கும் இன்னொரு குரலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறதுக்குத்தான்யா முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்ப ரோஸு தலையணையில சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தா. பக்கத்துல உட்கார்ந்து, ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னேன். ஒயரை மாட்டினது, பாட்டை மட்டும் நிறுத்தினது, ஃபைல் பேர், ஆபீஸ், மெஷின், பொருந்தவில்லை. இனிமே கிடைக்காதுன்னு சொன்னேன். ஏழு நாள் விஷயத்துக்கு நான் வர்றதுக்குள்ள அவ போனை எடுத்து எழுதி என் முன்னாடி நீட்டினா.

'முதல் நாளே தெரியும் சார்.'

நான் அதை ரெண்டு தடவை படிச்சேன். ஏழு நாள்ங்கற வார்த்தை என் வாயில வந்து நின்னுச்சு. அப்படியே முழுங்கிட்டேன். அதை மட்டும் அவளுக்குச் சொல்லக் கூடாது. நான் சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன்.

"ஏன்டி சொல்லலை? ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கக் கூடாதா?"

அவ எழுதினா. 'நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க.' எழுதிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் அழிச்சா. திரும்ப எழுதினா.

'உங்களுக்கே தெரியலைன்னா, இனிமே யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?'

அவ காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். காது போச்சு ரோஸு, நாலு வருஷமா போச்சு, திமிர்ல ஒத்துக்கலைன்னு சொன்னேன். தெரியுமேன்னு தலையாட்டினா. வீட்டுல எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருந்திருக்கு, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எழுதினா. இந்தத் தடவை சட்டுன்னு எழுதிட்டா, முன்னாடியே யோசிச்சு வச்சிருந்த மாதிரி.

'எனக்கு மறந்துக்கிட்டே வருது. நீங்க சொல்லுங்க. என் குரல் எப்படி இருக்கும்?'

கண்ணை மூடினேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ நிக்கறா. பச்சைப் புடவை, ஹெட்போனை ஒரு காதுல மட்டும் வச்சிருக்கா, கையில டிபன் பாக்ஸ். வாயைத் திறக்கறா. எல்லாம் அப்படியே தெரியுது. பாட்டும் கேக்குது. ஆனா பாடுறது அவ இல்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வேற பாட்டை நினைச்சேன். பேசினதை நினைச்சேன், ரசத்துக்கு உப்பு பாருங்க சார்னு அவ சொன்னதை நினைச்சேன். வார்த்தை வருது, குரல் வரலை. பன்னிரண்டு நாள் கண்ணை மூடிக்கிட்டு நான் எதைக் கேட்டேனோ அதுதான் உள்ள உட்கார்ந்திருக்கு.

"நல்லா இருக்கும்"ன்னேன். "ரொம்ப இனிமையா இருக்கும் ரோஸு. தெளிவா இருக்கும்."

அவ என் முகத்தையே பார்த்தா. முப்பத்தஞ்சு வருஷமா என் பொய் எதுவும் அவ கிட்ட எடுபட்டதில்லை. இதுவும் எடுபடலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவ என் கையைத் தட்டிக் கொடுத்தா. எனக்கு ஆறுதல் சொல்றாளாம். அப்புறம் போனை எடுத்து எழுதினா.

'பரவாயில்லை சார். ஏதாவது பாட்டு போடுங்க.'

போட்டேன். தலையணைக்கு அடியில இருந்து பத்மலோசனி பாடினாங்க. நல்லாத்தான் பாடினாங்க.